சின்னவனுக்கு முடி வளர்ந்த விதம்

நாய்க்கு முடி கொட்டினால் எடுத்த எடுப்பில் சத்து மருந்து கொடுக்கக் கூடாது. முதலில் சீப்பால் வாரி, உதிர்வதை ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்க வேண்டும். கறுப்புப் பொடியாக விழுந்து, தண்ணீர் தெளித்ததும் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் வேலை. வட்டம் வட்டமாகக் கொட்டினால் படை. இரண்டு விலாவிலும் அளந்து வெட்டியதுபோல ஒரே அளவில் கொட்டினால் சுரப்பியில் கோளாறு. அது டாக்டர் பார்க்க வேண்டியது, நான் கை வைக்க மாட்டேன். இதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மீன் எண்ணெய், துத்தநாகம், முட்டை என்று யோசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

இதை எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், அதிகாரி ஐயா, நேற்று நீங்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்றீர்கள். அது மனதில் தைத்துவிட்டது. வேறு எது சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். வாயால் சொல்லலாம் என்றால் நீங்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள். திரும்பி வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறீர்கள். நான் குளித்துவிட்டுத்தான் வந்தேன். அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன்.

என் கடையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முன்னறையில் நாய்களைக் குளிப்பாட்டும் தொட்டியும் முடி வெட்டும் மேஜையும். அடுத்தது அடுப்படி, அங்கேதான் சத்துக்கட்டி செய்வது. கொல்லைப்பக்கம் சூளை. செல்லமாக வளர்த்த நாய் செத்துப்போனால் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் எரித்து, மூடி போட்ட ஒரு மண் ஜாடியில் சாம்பலைத் திருப்பித் தருவேன். அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். எனக்குத் தலையில் ஒரு முடி கிடையாது என்பதால், "முதல்ல உங்க மண்டைக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் என் நாய்க்குப் பாக்கலாம்" என்று கேலி செய்யாத வாடிக்கையாளர் குறைவு. நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிப்பதும் தொழிலில் ஒரு பகுதிதான்.

அருவருப்பு என்ற சொல்லை நீங்கள் நேற்று ஆறேழு தடவை சொன்னீர்கள். உங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது என்று நினைக்கிறேன். முடி கொட்டிய நாயின் தோலைத் தொட்டிருக்கிறீர்களா. ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்து நகத்துக்கடியில் தங்கிவிடும். மூன்று தடவை சோப்புப் போட்டாலும் சாப்பிட உட்காரும்போது வாடை தெரியும். காதுக்குள் புழு வைக்கும்வரை விட்டுவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டு வந்து அதே காதில் முத்தம் கொடுக்கிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் குமட்டும். ஆனாலும் ஒரு நாயைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. என் மனைவி மூன்று வருடம் முன்பு, "இந்த வீட்ல எனக்கு ஒரு வாய் சாப்பாடு எறங்கலங்க" என்று சொல்லிவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு எப்போதுமே மூக்கு கொஞ்சம் அதிகம்.

சத்துக்கட்டி என் சொந்த யோசனை. பொடியாகக் கொடுத்தால் நாய்கள் லேசுப்பட்டவை இல்லை, பொடியை ஒதுக்கிவிட்டு உணவை மட்டும் நக்கிவிடும். மாத்திரையைத் தொண்டையில் தள்ளினால் சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வந்து உட்காரும். மெல்லத் தக்க கட்டியாக, வாசனையாக இருக்க வேண்டும். அதற்குப் பசைபோல இறுகும் ஒரு சாறு தேவை. தோலையும் காலையும் நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் அது கிடைக்கும். முதலில் மீன் தோலும் கோழிக் காலும் வாங்கித்தான் செய்தேன். பாதி நாய்கள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டன.

அதே சமயத்தில் எதிர் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். "துணி காயப்போட முடியல, ஜன்னல் தொறக்க முடியல, எல்லாத்துலயும் கரி நாத்தம். உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருப்பது எனக்குப் பிடிக்காது. சூளையை நிறுத்தினேன். வந்த நாய்களைப் பெரிய ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு மாதத்தில் அதுவும் நிரம்பிவிட்டது. அடுப்படியில் நாய்கள் தொடாத மீன் தோல். அதற்கு மூன்றடி தள்ளி, மூடி சரியாகச் சாத்தாத ஃப்ரீசர். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதே யோசனைதான் வந்திருக்கும், ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், அவ்வளவுதான்.

கொதிக்க வைப்பதில் புகை இல்லை. மூடியைச் சரியாகப் போட்டால் வாடையும் தெருவுக்குப் போகாது. எதிர் வீட்டுக்காரர் ஒரு மாதம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. நோய் வந்து செத்ததைத் தொடமாட்டேன். அவற்றை ஊருக்கு வெளியே ஆழமாகப் புதைத்தேன். முதுமையிலும் விபத்திலும் போனவை மட்டும். பூனை சேர்க்க மாட்டேன். மேலே மிதப்பதை எடுத்துவிட்டு மூன்று முறை மெல்லிய துணியில் வடிகட்டுவேன், தண்ணீர்போலத் தெளிவாக வரும். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி நான் குடித்துப் பார்த்த பிறகுதான் அச்சில் ஊற்றுவேன். உப்பில்லாத சூப்பு மாதிரி இருக்கும், வேறொன்றும் இல்லை. நான் வாயில் வைக்காத எதையும் அடுத்தவர் வீட்டு நாய்க்குக் கொடுத்ததில்லை. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த ஜாடிகளில் இருந்தது மரப்பட்டறைச் சாம்பல். அதையும் இரண்டு தரம் சலித்துத்தான் கொடுத்தேன், ஆணி ஏதும் இருக்கக் கூடாது என்று.

பலன் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆறே வாரத்தில் முதுகில் பஞ்சு மாதிரி புது முடி. எட்டாவது வாரத்தில் பளபளப்பு. துப்பிய நாய் ஒன்றுகூட இல்லை, டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வந்தன. உங்கள் வீட்டம்மா மாதம் ஒரு டப்பா வாங்கிப்போனார்கள். உங்கள் வீட்டு வெள்ளை நாயின் வாலை இன்றைக்குப் போய்ப் பாருங்கள். போன வருடம் அது எலி வாலாக இருந்தது.

முப்பத்தொரு நாய்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லோரும் பேசுவது ஒன்றைப் பற்றித்தான். அதனால் தையல்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் இரண்டு தையல் மெஷின், உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, அவ்வளவுதான் வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரே தாய் வயிற்றில், ஒரு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு நாய்கள் இருந்தன. பெரியவன், சின்னவன் என்று கூப்பிடுவார். பழுப்பு நிறம். மெஷினுக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று தலை வைத்துப் படுத்திருக்கும். யாராவது துணி தைக்கக் கொடுக்க வந்து, "ரெண்டு பையனும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டால்தான் அக்காவுக்கு அளவெடுக்கவே கை வரும்.

பெரியவன் பதிமூன்றாவது வயதில், ஒரு காலை வேளையில், தூக்கத்திலேயே போய்விட்டான். அக்கா அவனை ஒரு புதுப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். "பாத்துப் பண்ணு தம்பி. வலது முன்னங்கால்ல அவனுக்கு வலி உண்டு, அத மடக்கிடாத" என்றார். செத்த நாய்க்கு எங்கே வலி என்று நான் கேட்கவில்லை. ஜாடியை மறுநாள் கொடுத்தேன். அதை மெஷினுக்கு மேலே இருக்கும் பலகையில் வைத்து, தினமும் துடைத்து, வேலை ஆரம்பிக்கும்போது அதனிடம் பேசுவார். பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும். மரச் சாம்பலிடம் ஒருவர் பேசுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

பதினைந்து நாளில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜையில் வைத்தபோது அவர் கை முழுக்க முடி. இடுப்பிலிருந்து வால் வரை வழுக்கை. பின்னங்கால்களைத் தானே கடித்துக் கடித்துப் பச்சைப் புண்ணாக்கியிருந்தான், அதில் ஈரம் கசிந்து, ஈ உட்கார்ந்திருந்தது. நான் வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தேன். பூச்சி இல்லை. படை இல்லை.

"டாக்டர் என்னக்கா சொன்னாங்க?"

"ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு தம்பி. ஒரு கோளாறும் இல்லயாம். ஏக்கமாம். சாப்பிட்டாதான் முடி, சாப்பிடலேன்னா உடம்பே நிக்காதுன்னுட்டாங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தான்னா ஊசி போட்டு அனுப்பி வெச்சிடலாம், அவனும் கஷ்டப்பட வேணாம்னு சொல்றாங்க." அக்கா அழவில்லை. சின்னவன் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டே இருந்தார். "இவனும் போயிட்டா அந்த வீட்ல நான் யாரோட பேசுறது, சொல்லு. நீ எத்தன நாய்க்கு முடி வளத்திருக்க. இவன ஒருத்தன எனக்குக் காப்பாத்திக் குடுத்துடு."

நான் வழக்கமான கட்டியை நீட்டினேன். சின்னவன் முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீன் தோலை விட்ட பிறகு என் கட்டியை வேண்டாம் என்று சொன்ன முதல் நாய் அவன்தான். அக்காவுக்குத் தெரியாமல் இருக்க அதைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், சத்து மருந்து என்று யாராவது வாயெடுத்தாலே, "அதெல்லாம் சும்மா மனசுக்கு ஒரு ஆறுதல்" என்று என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பவள். அன்றைக்கு எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. "ரெண்டு நாள் குடுங்கக்கா, புதுசா செஞ்சு தரேன்" என்றேன்.

செய்து கொடுத்தேன். சாப்பிட்டான். எப்படிச் சாப்பிட்டான் என்று அக்கா மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து சொன்னார். கட்டியைக் கீழே வைத்ததும் ரொம்ப நேரம் முகர்ந்தானாம். அதன் பக்கத்தில் படுத்து, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டானாம். பிறகு எழுந்து வாலை ஆட்டிக்கொண்டே தின்றானாம். "பெரியவன் போனதுக்கப்புறம் இவன் வாலாட்டி இன்னிக்குத்தான் பாக்குறேன். நீ நல்லா இருப்ப" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டியோடு சேர்த்து மற்ற உணவும் இறங்க ஆரம்பித்தது. புண் ஆறியது. இரண்டாம் மாதத்தில் இடுப்பு மூடிவிட்டது.

அந்தப் பெருமையில்தான் நான் அக்காவோடு டாக்டர் இடத்துக்குப் போனேன். தடுப்பூசி நாள். அக்கா, "நீயும் வா தம்பி, அந்தப் பொண்ணு வாய அடைக்கணும்" என்று கூப்பிட்டார், கட்டி டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டார். அன்று காலையில்தான் இரண்டு கட்டி கொடுத்திருந்தார். டாக்டர் சின்னவனை மேஜையில் நிறுத்தி, முதுகைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லயே, நெஜமாவே நல்லா வந்திருக்கு" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். அதை அவள் இப்போது மறுப்பாள்.

நாய்களுக்குச் சிப் போடுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு எண். ஊசியால் பிடரித் தோலுக்கடியில் செலுத்திவிடுவார்கள். ஒரு கருவியை மேலே காட்டினால் கீ என்று சத்தம் வந்து, நாயின் பெயரும் விவரமும் திரையில் தெரியும். டாக்டர் பதிவுக்காகக் கருவியைச் சின்னவன் பிடரியில் காட்டினாள். சத்தம் வரவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. "சில நாய்க்கு இது தோலுக்கடியிலயே நகந்து கீழ எறங்கிடும்மா. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நான்தான் போட்டேன், தேடுனா கெடச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே தோள், விலா, வயிறு என்று கருவியை மெதுவாக நகர்த்தினாள். வயிற்றுக்குக் கீழே போனபோது சத்தம் கேட்டது.

அக்கா திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பெரியவன்னு காட்டுது டாக்டர். மாத்தி எழுதிட்டீங்களா?"

டாக்டர் மறுபடி காட்டினாள். பெரியவன். கருவியை முன்னங்கால் முட்டிக்குக் கொண்டுபோனாள். சின்னவன். திரும்ப வயிறு. பெரியவன். வயிற்றை விரல்களால் அழுத்தினாள். பிறகு அக்காவின் பையிலிருந்த டப்பாவைத் தானே எடுத்துத் திறந்து, ஒரு கட்டியை விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டாகப் பிட்டாள். உள்ளே சின்னதாகப் பழுப்பு நிறத்தில் முடி.

"இத எதுல செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"சத்தான பொருள்லதான்" என்றேன். அது பொய்யில்லை.

டப்பா திறந்திருந்ததால் சின்னவன் வாலை ஆட்டிக்கொண்டு அவள் விரல்களை நக்க ஆரம்பித்தான். அவள் கையை உதறிக்கொண்டு மூலையிலிருந்த தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அக்கா பையிலிருந்து ஒரு வெட்டுத் துணியை எடுத்து, சின்னவன் வாயைத் திறந்து, அவன் நாக்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துணியில் ரத்தம் தெரியும்வரை துடைத்தார். சின்னவன் அதை விளையாட்டு என்று நினைத்து அவர் முகத்தை நக்கப் போனான். அப்போதுதான் அவர் முதல் தடவையாக அவனைத் தள்ளிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் என்ன தப்பு செய்தான்.

இனி உங்கள் கேள்வி. நான் மூன்று முறை வடிகட்டுகிறவன் என்றால் கண்ணாடிக் குழாயும் முடியும் கட்டிக்குள் எப்படி வந்தன என்று கேட்டீர்கள். என் வக்கீல் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார். ஃப்ரீசரில் எது எந்த நாய் என்று எனக்குத் தெரியாது, கை தவறிக் கலந்துவிட்டது, துணி கிழிந்திருந்தது, எல்லாம் தற்செயல். "அப்படியே சொல்லிடுங்க, அவங்களுக்கும் அதுதான் நிம்மதி" என்கிறார்.

ஆனால் அப்படிச் சொன்னால் நான் கவனக்குறைவான ஆள் என்று ஆகிவிடும். கை தவறவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், நீங்களே பார்த்திருப்பீர்கள். சின்னவன் என் கட்டியை ஒதுக்கிய அன்று, அவனுக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். கடையில் கிடைக்கிற எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. பெரியவனின் பொட்டலத்தை எடுத்தேன். பிடரியில் சிப் இருக்கிறதா என்று வழக்கம்போல அறுத்துப் பார்த்தேன், இல்லை, இவனுக்குப் போடவே இல்லைபோல என்று விட்டுவிட்டேன். நான் செய்த ஒரே தவறு அது. தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில், வேறு எந்த நாயும் சேராமல், அவனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொதிக்க வைத்தேன். வடிகட்டவில்லை. வடிகட்டினால் வாசனை போய்விடும், வாசனை போனால் சின்னவனுக்குத் தெரியாமல் போய்விடும். அண்ணனைக் காணாமல் செத்துக்கொண்டிருந்தவனிடம் அண்ணனை அனுப்பி வைத்தேன், தினமும் இரண்டு கட்டி. அவன் அடையாளம் கண்டுகொண்டான், அதனால்தான் வாலை ஆட்டினான். இதைத் தெரிந்தேதான் செய்தேன் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிக்கான சாற்றையும் ஒரு கரண்டி நான் ருசி பார்த்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னவன் மறுபடி பட்டினி கிடக்கிறான் என்று இங்கே எனக்குக் காவலுக்கு இருக்கும் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நீங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அவன் வேறு என்ன செய்வான். முடி திரும்பக் கொட்ட ஆரம்பித்திருக்கும். அக்காவுக்கு இப்போது என் மேல் கோபம் இருக்கலாம், ஆனால் அவனைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்டது அவர்தான், அதை அவர் மறக்கக் கூடியவர் இல்லை. பெரியவன் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறான். ஆறு மாதத்துக்குத் தாங்கும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கடைக்குச் சீல் வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரீசரை மட்டும் அணைத்துவிட வேண்டாம்.